சித்திரை மாத மைலேஜ்

ஒரகடம் சாலையில் நண்பகல் வெயில் எங்கள் ஷிப்ட் வேனைப் பொசுக்குகிறது. கண்ணாடிகள் திறக்க முடியாதவை. ஏசி ஓடினால் டீசல் கூடுதலாகப் போகும் என்று டிரைவர் ராஜாமணி அதன் குமிழைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். என் கண் இருட்டுகிறது. பக்கத்தில் இருந்த என் கணவர் இசக்கி எழுந்து முன்னே போகிறார். “அண்ணாச்சி, எம் பொண்டாட்டிக்கு மயக்கமா வருது. கொஞ்சம் ஏசியப் போடும்.” ராஜாமணி திரும்பவில்லை. “மார்கழில வந்த மைலேஜ சித்திரைலயும் கேக்கறான் ஓனரு. கொறஞ்சா நாளைக்கு இந்த வண்டி எனக்கு இல்ல. உன் பொண்டாட்டிய கொடைக்கானல்ல குடி வையிபா.” பின்சீட்டில் யாரோ சிரிக்கிறார்கள். இசக்கி அந்தச் சட்டைப்பைக்குள் கையை விடுகிறார். துணி கிழிகிறது. வேன் வளைந்தோடி மண்ணில் குலுங்கி நிற்கிறது. “என் பொழப்புல கை வெக்கிறியா?” ராஜாமணி சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கி கம்பியை உருவி வீசுகிறார். காதுக்கு மேலே விழுகிறது அடி. தேங்காய் உடைந்த மாதிரி ஒரு சத்தம். இன்னொரு அடி. இசக்கி படியோரம் மடங்கி விழுகிறார். நான் தவழ்ந்து போய் அவர் தலையை மடியில் எடுக்கிறேன். என் சீருடை சூடாக நனைகிறது. ராஜாமணியின் கையிலிருந்து கம்பி நழுவுகிறது. “தம்பி, இன்னாபா, கண்ணத் தொறபா.” இசக்கியின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குமிழை எடுக்கிறார், செருகுகிறார், கடைசி வரை திருப்புகிறார். குளிர்ந்த காற்று சீறிக்கொண்டு வருகிறது. மூச்சில்லாத அவர் கழுத்தில் வியர்வை மெல்லக் காய்கிறது.