கத்தின்னு எழுதாதீங்க

"கத்தின்னு எழுதாதீங்க, ஐயா. பிச்சுவான்னு எழுதுங்க!"

காதர் பாட்சா இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். இடது தோளில் தலையணை அளவுக்குக் கட்டு. உள்ளே இருந்த காயம் கட்டைவிரல் நகம் அளவு என்று டாக்டர் சீட்டு சொன்னது.

காரைக்கால் போலீசின் பெரிய அதிகாரி, கொமிசேர் சுவாமிநாதன், பேனாவை மைக்கூட்டில் தோய்த்தார்.

"ரெண்டுக்கும் என்னங்க பெரிய வித்தியாசம்? ரெண்டும்தான் குத்துது."

"என்ன இப்படிச் சொல்லிப்புட்டீங்க! கத்திங்கிறது காய் நறுக்க. வீட்டுக்கு வீடு கெடக்கும். பிச்சுவா ஆளைக் குத்தறதுக்குன்னே அடிக்கிறது. இதோ உங்க மேஜை மேலே கெடக்கே, உடம்பு வளைஞ்சு போறதைப் பாருங்க. ரெண்டு பக்கமும் கூர். இதை வச்சு வெங்காயம் நறுக்கினா வெங்காயத்துக்கே கண்ணீர் வரும்!"

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அறிக்கை பிரெஞ்சில் போயாக வேண்டும். சமையல் கத்திக்கு அந்தப் பாஷையில் 'குத்தோ' என்று பெயர். குத்தாத கத்திக்குப் போய் அப்படி ஒரு பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது? நிஜமாகவே குத்துகிற கத்திக்கு வேறு சொல், 'புவான்யார்'. முதல் சொல்லை எழுதினால் ஏதோ வாய்த்தகராறு என்று ஜாமீன் கிடைத்துவிடும். இரண்டாவதை எழுதினால் நேரே சிறை.

சிறைக்குப் போக வேண்டியவர் எதிர் பெஞ்சில் விலங்கோடு உட்கார்ந்திருந்தார். இரும்புக்கடை மதார் சாகிப். வரும் வெள்ளிக்கிழமை மீன் மார்க்கெட் குத்தகை ஏலம். பத்து வருஷமாக அந்த ஏலத்தில் கடைசிவரை முட்டிக்கொள்வது இவர்கள் இரண்டு பேர்தான்.

"நேத்து சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு, நான் சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு வந்தார்" என்றார் காதர் பாட்சா. "ஏலத்துக்கு வராதேன்னார். வருவேன்னேன். சட்டைக்குள்ளேருந்து இதை உருவிக் குத்திட்டு, போட்டுட்டு ஓடிட்டார்."

"பேசினது வாஸ்தவம்" என்றார் மதார் சாகிப். "ஏசினதும் வாஸ்தவம். குத்தலே. குத்தியிருந்தா இவ்வளவு பேசற அளவுக்கு விட்டு வச்சிருப்பேனா, நானா?"

"பார்த்தீங்களா, பார்த்தீங்களா! உங்க முன்னாடியே!"

கொமிசேர் கையமர்த்தினார். "காதர் பாட்சா, இந்த ஆயுதத்தை இதுக்கு முன்னாடி இவர்கிட்டே பார்த்திருக்கீங்களா?"

"இவர்கிட்டேயும் பார்த்ததில்லே, எவர்கிட்டேயும் பார்த்ததில்லே. என் தோளுக்குள்ளே போறப்பத்தான் முதல் அறிமுகம்."

கொமிசேர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு படிவத்தைப் பார்த்தார். ஆயுதத்தின் பெயர், நீளம், மதிப்பு, சொந்தக்காரர் என்று நான்கு கட்டங்கள். நீளத்தை மட்டும் நிரப்பினார். ஒரு சாண்.

"அடுத்தது மதிப்பு. மதார் சாகிப், நீங்கதானே இரும்புக்கடை. நீங்களே சொல்லிடுங்க."

விலங்கு மாட்டிய கைகளில் பிச்சுவாவை வாங்கியதும் மதார் சாகிபுக்குத் தான் கைதி என்பதே மறந்துபோயிற்று. நகத்தால் சுண்டினார். காதருகே வைத்துக் கேட்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"இதையா பிச்சுவாங்கறாரு? தகரம், ஐயா. பிடி மாட்டுக்கொம்பு. அதுவும் கிழட்டு மாடு. நாகூர் கந்தூரிக் கடையிலே எவனோ ஏமாந்த சோணகிரி வாங்கியிருக்கான். எட்டணா போடுங்க. நான்னா அதுவும் கொடுக்க மாட்டேன்."

காதர் பாட்சாவின் முகம் சிவந்தது. "தப்பிக்கப் பார்க்கிறார்! தகரம்னா சாதாக் கத்தின்னு ஆயிடும்ல, அதுக்குத்தான்!"

"எனக்கும் தகரமாட்டம்தான் தெரியுது" என்றார் கொமிசேர். அவர் குடும்பத்துக்குக் கடைத்தெருவில் இரண்டு தலைமுறையாக ஜவுளி வியாபாரம். "எட்டணா அதிகம். ஆறணா போட்டுக்குவோம். பேரையும் 'குத்தோ'ன்னே எழுதிடறேன். வெங்காயக் கத்திக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

மதார் சாகிப் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஜாமீன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது போல.

"அஞ்சணாவே போதுங்க, ஐயா. பிடி ஆடுது."

காதர் பாட்சா எழுந்தே விட்டார். கட்டுப் போட்ட பக்கத்துக் கையையே ஓங்கி மேஜையில் அறைந்தார்.

"அஞ்சணாவா! யாருக்கு ஆடுது பிடி? அசல் மான்கொம்பு ஐயா அது! பினாங்கு உருக்கு! கப்பல்காரன் ஒருத்தன் அறுபது ரூபாயை மேஜையிலே வச்சுக் கேட்டும் கொடுக்கலே!"

"யார் கொடுக்கலே?" என்றார் கொமிசேர், ஏலக்காரரைப் போல.

"நான்தான்!"

சொன்ன வாய் அப்படியே திறந்திருந்தது. மேஜை மேல் ஊன்றிய இடது கையையும் அவர் எடுக்க மறந்துவிட்டார்.

கொமிசேர் ஆயுதத்தின் பெயரைக் காதர் பாட்சா ஆசைப்பட்டபடியே பிச்சுவா என்றும், மதிப்பை அவர் சொன்னபடியே அறுபது ரூபாய் என்றும் எழுதி, சொந்தக்காரர் கட்டத்திலும் அவர் பெயரையே நிரப்பிவிட்டு, மதார் சாகிபின் விலங்கைக் கழற்றச் சாவியை எடுத்தார்.