யார் மேல தப்பு

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் வாசல் கதவின் அகலத்தை நாடாவால் அளந்துகொண்டிருந்தாள். சக்கர நாற்காலி நுழைய வேண்டும்.

லைல் அவளுக்கு இன்னொரு கோப்பை காபி கொண்டுவந்தான். முன்பு கொடுத்ததையே அவள் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிச் செலவு, வாசல்ல சாய்வுப் பாதை, வீட்டுக்கு வந்து பாத்துக்க நர்ஸ்... உங்க பாலிசியில எல்லாம் வந்துடும். பொண்ணு நல்லபடியா வீடு வரட்டும்," என்றாள் அவள்.

சோபாவில் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி கார்லா நிமிர்ந்தாள்.

"வண்டிய ஓட்டினது நான். ரோட்டப் பாக்காம போனை எடுத்தேன். தப்பு என் மேலதான். அத எழுதிக்கிட்டீங்களா?"

"இந்த மாநிலத்துல யார் மேல தப்புன்னு நாங்க பாக்கறதில்லைங்க. அடிபட்டவங்களுக்குக் குடுத்தாகணும், அவ்வளவுதான்."

கார்லாவின் முகம் இன்னும் வாடியது. யாராவது திட்டினால் தேவலை என்பதுபோல் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

எஸ்கனாபா போகும் சாலையில், பனியில் சறுக்கி, எதிரே வந்த மரம் ஏற்றிய லாரியில் மோதியது கார். பக்கத்தில் இருந்த மகள் சென்யாவுக்கு முதுகெலும்பு போய்விட்டது. அவளுக்குப் பத்தொன்பது வயது.

அந்தப் பெண் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு கார்லாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபீசுக்காகக் கேக்கல. சும்மாதான். போன்ல யாரு, ஏதாச்சும் அவசரமா?"

கார்லா சமையலறைப் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரோ. ராங் நம்பர்."

அங்கே லைல் குழாயை முழுவதும் திறந்துவிட்டு, கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினான்.

விபத்து நடந்த அன்று மாலை அவன் இதே இடத்தில், ஃபிரிட்ஜைத் திறந்தபடி, கையில் ஹாட் டாக்கோடு நின்றான். கடுகு சாஸ் பாட்டில் கண்ணில் படவில்லை. கார்லா போனை எடுக்கவில்லை. எரிச்சலில் திரும்பத் திரும்ப அடித்தான்.

கடைசியில் எடுத்தாள்.

"கீழ்த்தட்டுல பாருய்யா," என்றாள். பின்னால் சென்யா சிரித்தது கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம்.

பாட்டில் கீழ்த்தட்டில்தான் இருந்தது.