ஒரு விரற்கடை

"அந்தச் சிவப்புக் கோடு இருக்கே, அதை ஒரு விரக்கடை தள்ளிப் போடுங்கம்மா! உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!"

வரைபட அலுவலர் நிமிர்ந்து பார்க்கவே பயந்தாள். காலையிலிருந்து அவள் மேசைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டது இதைத்தான்.

வட்டார மன்றத்தின் இணைய வரைபடம் அன்றுதான் புதுக்கோலத்தில் வெளியாகியிருந்தது. பழையது சரியான ஆமை. செல்போனில் திறப்பதற்குள் கையிலிருக்கும் டீ ஆறிவிடும். திறந்தாலும் மண், காற்று, நீர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வண்ணங்கள் அப்பிக் கிடக்கும். படித்தவனுக்கே தலை சுற்றும்.

அவள்தான் மாதக்கணக்காக உட்கார்ந்து அதை எளிமையாக்கினாள். தெருப் பெயரைத் தட்டினால் போதும்: வெள்ளம் வரும் இடம் சிவப்பு, வராத இடம் பச்சை. எந்தப் போனிலும் சட்டென்று திறக்கட்டும் என்று, கோட்டின் குட்டிக்குட்டி நெளிவுகளையெல்லாம் நீவி நேராக்கியிருந்தாள்.

ஆண்டவன் புண்ணியத்தில் எல்லாருக்கும் புரிந்தது. புரிந்ததுதான் வம்பாகப் போயிற்று.

"சிவப்புன்னு போட்டா என் கடைக்கு எவன் வருவான்?" என்று மளிகைக் கடைக்காரர் குதித்துவிட்டுப் போனார். "வீடு வாங்க வந்தவன் போனைப் பாத்தான், அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டான்" என்று ஒரு வீட்டுக்காரர் மூக்கால் அழுதார்.

"பிரம்மாவுக்குக்கூட இத்தனை சிபாரிசு வந்திருக்காது மேடம்" என்று பக்கத்து மேசை கிளார்க் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மலைப்பக்கம் விடாத மழை. மாலையில் அணையைத் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்து, சிவப்பில் இருப்பவர்களை வெளியேறச் சொல்லியாகிவிட்டது. "யார் அழுதாலும் அந்தக் கோட்டுல கை வைக்காதே. வெச்சா உன் வேலை போயிடும்" என்று தலைமை அதிகாரி வேறு மிரட்டிவிட்டுப் போயிருந்தார்.

இப்போது இந்த அம்மாள். கையில் குடை, தலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. புடவை மட்டும் முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டிக்கிடந்தது.

"யாருக்காகவும் கோட்டை மாத்த முடியாதும்மா."

"என் மக அந்தக் கோட்டோரத்து வீட்டுலதான் இருக்கா. கைக்குழந்தைக்காரி. மருமகப்பிள்ளை அந்தப் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி நீட்டிக் கத்தறாரு. மாமியார் பேச்சை எந்த மருமகன் காதுல வாங்கினான்?"

வீடு விலை போகாத ஆத்திரமாக இருக்கும்; அதைக் கொண்டுவந்து பெண்டாட்டியின் தாய் தலையில் இறக்கியிருக்கிறான் என்று அலுவலர் நினைத்துக்கொண்டாள்.

"குடும்பத் தகராறை நாங்க எப்படிம்மா தீக்கறது?"

"தகராறு இல்லைம்மா. நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"காலையிலேருந்து இதையேதாம்மா கேட்டுக்கிட்டிருக்கேன்!"

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட காது, அடுத்தவர் வாய் திறக்கும் முன்பே மூடிக்கொள்கிறது. "சீக்கிரம் அனுப்பிடுங்க மேடம், பின்னால வரிசை நிக்குது" என்றார் கிளார்க்.

அந்த அம்மாள் திடீரென்று குனிந்து அலுவலரின் காலைப் பிடிக்கப் போனாள். "என் குலமே போயிடும்மா! ஒரு விரக்கடை! ஒரே ஒரு விரக்கடை!"

அலுவலர் பதறிப்போனாள். அவள் தோளைப் பிடித்துத் தூக்கித் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அந்த அம்மாள் அதை வாங்கி, குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டு மறுபடி கை கூப்பினாள்.

அதைப் பார்த்ததும் அலுவலருக்கு நெஞ்சு கரைந்தது. மவுஸை ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது.

'ஆண்டவனே, இரக்கப்பட்டு நான் பாவம் செய்துவிடக் கூடாது' என்று கண்களை மூடிக்கொண்டாள். பிறகு அந்த அம்மாளின் அருகே தரையிலேயே உட்கார்ந்து, அவள் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, நானும் உங்க மக மாதிரிதான். வேலைக்குப் பயந்து சொல்லலை. சிவப்பா இருக்கவேண்டிய இடத்துல பொய்யாப் பச்சை போட்டா, உங்க மருமகன் அதை நம்பி வீட்டை விட்டு நகர மாட்டாரு. சாயங்காலம் தண்ணி வந்தா தாயும் பிள்ளையும் என்னம்மா ஆவாங்க? அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்த் தொலைப்பேன்?"

சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று காத்திருந்தாள். வந்ததிலிருந்து முதல் முறையாக அந்த அம்மாள் பேசும்போது குறுக்கிட யாருமில்லை.

"அதைத்தாம்மா நானும் சொல்ல வந்தேன்... வாசல்ல இப்பவே முழங்கால் தண்ணி நிக்குது, எங்க வீட்டைப் பச்சையில போட்டிருக்கீங்க!"