இலவச முகம்

பஸ் நிறுத்தத்துத் தூணை ஒட்டி நின்றுகொண்டு, லிஃப்ட் மெக்கானிக் நகத்தால் பரபரவென்று சுரண்டிக்கொண்டிருந்தான். தூணில் இருந்த போஸ்டரில் அவன் முகம். அதற்கு மேலே கொட்டை எழுத்தில், "ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை."

"சீக்கிரம்டா, ஆள் வருது" என்றாள் பக்கத்தில் காவல் நின்ற அக்கா.

"நான் என்ன பண்றது? மூக்கு மட்டும் வரமாட்டேங்குது."

அவன் யார் பையிலும் கை வைத்தவன் இல்லை. லிஃப்டில் யாராவது குடையை விட்டுப் போனால்கூட மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள். வினை எல்லாம் அக்காவால் வந்தது.

அக்கா கிராஃபிக் டிசைன் சொல்லிக்கொடுக்கிறவள். சமூக சேவைக்குப் போஸ்டர் செய்கிறவர்கள் நல்ல படம் கிடைக்காமல் திண்டாடுகிறார்களே என்று அவளுக்கு ஒருநாள் மனசு இளகிவிட்டது. இளகியது அவள் மனசு, மாட்டிக்கொண்டது தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனை நிற்கவைத்து, தள்ளாட வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனக வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப்பையில் விரலை விடவைத்துப் படம் எடுத்தாள். "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று, வேறு பலரை எடுத்த படங்களோடு சேர்த்து அத்தனையையும் இணையத்தில் போட்டுவிட்டாள்.

ஊர் எடுத்துக்கொண்டது. மது ஒழிப்பு போஸ்டரில் அவன், லஞ்ச ஒழிப்பில் அவன், மூல வியாதி முகாமுக்கு ஆள் உயரத்தில் அவன். கூட வேலை செய்கிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டு "போஸ்டர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அதையாவது சிரித்துச் சமாளிக்கலாம். முதலில் பேசிய பெண் வீட்டில், குடிகாரனுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். இரண்டாவது வீட்டில் பெண்ணின் அம்மா அவனை ஓரமாக அழைத்துப்போய், "இப்பவாவது உக்கார முடியுதா தம்பி?" என்று கரிசனமாகக் கேட்டாள்.

மூன்றாவது வீடு இந்த நிறுத்தத்துக்கு நேர் எதிரே. இந்தப் பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. அவன் புகைப்படம் அங்கே போன மறுநாளே, "உடனே வரச்சொல்லுங்க" என்று பதில் வந்துவிட்டது. அவனை யாரும் இவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டதில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் அவனால் தாங்க முடியாது.

அக்கா கிழிந்து வந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாத்தியார் புத்தி எங்கே போகும்?

"யார் பண்ணாங்களோ, கை சுத்தம்டா. நான் எடுத்த படத்துல உன் சட்டை மேல் பட்டன் தொறந்து கெடந்துச்சு. அழகா ஒரு பட்டன வரைஞ்சு மாட்டிட்டாங்க பாரு. குடிகார போஸ்டர்லயும் இப்படித்தான்."

"என் மானம் கப்பலேறுது, உனக்குப் பட்டன் கேக்குதா? வா."

பெண்ணின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். உட்காரச் சொல்லிவிட்டு, தன் கண்ணாடிக்கு மேலாக அவனையே பார்த்தார். அப்புறம் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"உங்கள எங்கயோ பாத்திருக்கேனே தம்பி."

"லிஃப்ட் ரிப்பேருக்கு நாலு எடத்துக்குப் போறவன். அங்க எங்கயாவது பாத்திருப்பீங்க" என்று அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்லம்மா. நான் முகத்த அளந்து பொழைக்கிறவன். ஏதோ வீட்டுக்குள்ளயே தினம் பாக்கற முகம் மாதிரி இருக்கு." அவர் யோசனையோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து தூண் நன்றாகத் தெரிந்தது. அதில் மிச்சமிருந்த மூக்கும் தெரிந்தது.

அக்கா மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். போகிறது போகட்டும், பொய் சொல்லி ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"அந்தத் திருடன் நான்தாங்க" என்றான்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"குடிகாரனும் நான்தான். லஞ்சம் வாங்கறவனும் நான்தான்."

"மூலம்?"

"அதுவும்தாங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா எதுவும் நெஜம் இல்லீங்க. அக்கா சும்மா படம் எடுத்துச்சு. அதுல எத்தனையோ பேர் முகம் இருக்கு, எங்க மாமா முகம்கூட இருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் தேடித் தேடி என் முகத்த மட்டும் எடுத்து ஊர் பூரா ஒட்டறான். என் மேல அப்படி என்ன கோவமோ. அந்த ஆள் மட்டும் கண்ணுல படட்டும், நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன்."

பெண்ணின் அப்பா உள் அறைப் பக்கம் பார்த்து ஒரு செருமல் செருமினார். அதற்கு என்ன அர்த்தம் என்று மெக்கானிக்குக்குப் புரியவில்லை. எல்லாம் முடிந்தது, எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

உள்ளே மேஜை மேல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரிலிருந்து எழுந்து பெண் கூடத்துக்கு வந்தாள். புகைப்படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். அவன் பாதி எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவள் பார்வை நேராக அவன் கழுத்துக்குக் கீழே போய் நின்றது.

"இன்னிக்கும் மேல் பட்டன் போடலயா? எத்தன தடவதான் நான் வரைஞ்சு மாட்டறது?"