பதினேழாம் நம்பர் கேபின்

"பெத்த புள்ளைய டப்பாக்குள்ள படுக்கப் போட்டுட்டு மெஷின் மிதிக்கிறியே, நீயெல்லாம் ஒரு தாயா?"

கேட்டுவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்தபடி நகர்ந்தாள் ஃபர்ஸானா. கேபின் கண்ணாடிகளுக்குப் பாலிஷ் போடுவது அவள் வேலை. ஆளுக்கொரு சுடுசொல் வைப்பது அவள் வழக்கம்.

இசக்கிசெல்வி குனிந்த தலை நிமிராமல் மெஷினை மிதித்தாள். எட்டு மாதக் குழந்தை. புருஷன் லாரியில் ஏறினால் திரும்ப வாரக்கணக்காகும். தாராவியில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரி, கோபர்கைரனேக்குக் குடிபோய்விட்டாள்.

மான்குர்த்தில் மன்சூர் அலி பாயின் ஷெட் அது. வடக்கே பனிமலையில் சறுக்கி விளையாட வருகிறவர்களை, கம்பியில் தொங்கியபடி மேலே ஏற்றிப்போகிற கேபின்கள், பனி உருகியதும் லாரியில் இங்கே வந்துவிடும். சீட் மாற்றி, கதவு ரப்பர் மாற்றி, பெயின்ட் அடித்து, அடுத்த பனிக்காலம் வரை பத்திரமாக வைத்திருந்து அனுப்ப வேண்டும். செல்வி சீட் உறை தைக்கிறாள்.

ஷெட் முழுக்கப் பெயின்ட் சுரண்டுகிற தூசி. தூசி இல்லாத ஒரே இடம், வேலை முடிந்து கண்ணாடிக்கு வெள்ளை பிளாஸ்டிக் ஒட்டிய கேபினின் உட்புறம்தான். கடைசியில் நிற்கிற பதினேழாம் நம்பருக்குள் பால் கொடுத்து மகளைத் தூங்க வைப்பாள்.

இந்தக் கதவுகளை உள்ளேயிருந்து திறக்க முடியாது. வெளியே உள்ள லிவரை இழுக்க வேண்டும். சாத்தியே வைத்தால் புது ரப்பர் நசுங்கிவிடும் என்று, ஒவ்வொரு கதவிலும் மரக்கட்டையைச் செருகி நாலு விரல் திறந்து வைப்பார்கள். அந்த நாலு விரலை நம்பித்தான் செல்வி மூச்சுவிட்டாள்.

வாசலில் பாய் போர்டு மாட்டியிருந்தார்: 'ஷெட்டுக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.'

"பாய்கிட்டச் சொல்லிராதிய அக்கா" என்று ஒருமுறை கெஞ்சியதற்கு, "என் வாய், என் இஷ்டம்" என்றிருந்தாள் ஃபர்ஸானா.

அன்று பார்த்து, மறுநாள் வரவேண்டிய ரோப்வே கம்பெனி இன்ஸ்பெக்டர் முன்னாலேயே வந்து நின்றார். செல்வி எழுவதற்குள் பாய் அவரை அவளிடமே கூட்டி வந்துவிட்டார்.

"சாப் மொதல்ல உன் தையலத்தான் பாக்கணுமாம். எங்கயும் போகாத."

இன்ஸ்பெக்டர் தையலை இழுத்துப் பார்க்கும்போது, ஃபர்ஸானா வந்து பாயின் காதில் ஏதோ சொன்னாள். பாய் செல்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஃபர்ஸானா விறுவிறுவென்று போய்விட்டாள்.

போட்டுக் கொடுத்துட்டா, பாவி.

கதவுச் சோதனை ஆரம்பித்தது. கட்டையை உருவி, கதவை அறைந்து சாத்தி, மேலே தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து, உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். ஒரு மணி நேரம்.

பதினாலு. பதினைந்து. பதினாறு.

வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால்?

பதினேழின் கட்டையில் இன்ஸ்பெக்டர் கைவைத்தார்.

"சாப், ருக்கோ." செல்வி ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "பாய், உள்ள எம் புள்ள கெடக்கு."

இன்ஸ்பெக்டர் கதவை முழுக்கத் திறந்தார். உள்ளே யாருமில்லை.

"பாகல் ஹை க்யா?" பைத்தியமா என்று கேட்டார் அவர்.

"குச் நஹி சாப், ராத்திரி தூங்கலையாம்" என்ற பாய், செல்வியிடம் திரும்பினார். "நீ என் ரூமுக்குப் போ. வந்து பேசிக்கிறேன்."

கால் தடுக்கத் தடுக்க ஓடினாள். பாய் ரூமில் ஃபர்ஸானாவின் தோளில் மகள்.

"இந்தா, புடி. என் துப்பட்டாவெல்லாம் நனைச்சு வச்சிருக்கா" என்று பிள்ளையைக் கையில் திணித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அரை மணி நேரம் கழித்துப் பாய் வந்தார்.

"நான் வேலையவிட்டு நின்னுக்கிடுதேன் பாய்" என்றாள் செல்வி, அவர் சொல்வதற்கு முன்பே.

"எதுக்கு? உன் தையல் பாஸ்." நாற்காலியில் சாய்ந்தார். "நீ ஒளிச்சு வச்சிருந்த வரைக்கும் நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். இன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிட்ட. இனிமே புள்ள ஷெட்டுக்குள்ள கூடாது. காலைல நேரா இந்த ரூமுக்குக் கொண்டு வா. இங்க தூங்கட்டும்."

செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஃபர்ஸானாக்கா மட்டும் இன்னைக்கு உங்ககிட்டச் சொல்லலேன்னா..."

"இன்னைக்கா?" பாய் சிரித்தார். "நீ புள்ளையோட வந்த மொத நாளே சொல்லிட்டா. 'அவள நிறுத்திராதீங்க பாய், கடைசிக் கேபின் பக்கமே எனக்கு வேலை போடுங்க'ன்னா. மூணு மாசமா ஒரு நாள் லீவு எடுக்கல. காய்ச்சலோட நிக்கிறியே, வீட்டுக்குப் போன்னு நான் சொன்னா, 'அந்தக் கதவு சாத்திக்கிச்சுன்னா யாரு பாய் திறப்பா?'ங்கிறா."