சுவரைத் தாண்டிய வாசம்

"உங்காத்துல இன்னைக்கு மீனா?"

கதவைத் திறந்ததும் பக்கத்து வீட்டு மகாலக்ஷ்மி மாமி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஆமா, சாளை பொரிச்சேன். ஏன் கேக்கிய மாமி?" என்றாள் ஜமீலா.

"எங்க பெட்ரூம் வரைக்கும் வாசனை வரது."

மாமி உள்ளே எட்டி, அடுப்பங்கரைச் சுவரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள். விறுவிறுவென்று போய்விட்டாள்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் தாஜ் முகம்மதுவுக்கு அதன் பிறகு சோறு இறங்கவில்லை. வண்ணார்பேட்டையில் இந்த அடுக்குமாடிக்குக் குடிவந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"இனி மீன் வாங்க வேண்டாம்."

"மக பிரசவத்துக்கு வந்திருக்கா. ஷம்ஸியாவுக்கு வாய்க்குப் பிடிக்கிறதே அதுதான்."

"சண்டை சச்சரவு இல்லாம பிள்ளை பெத்துப் போவட்டும் ஜமீலா."

மறுநாள் பேட்டையில் தன் லேத் பட்டறைக்குப் போயும் அவருக்கு வேலை ஓடவில்லை. வாசனை வருதுன்னுதானே சொன்னா, அதில் என்ன தப்பு என்று மனசைச் சமாதானப்படுத்துவார். அடுத்த நிமிஷமே, சொன்ன விதம் அப்படி இல்லையே என்று குடையும்.

மத்தியானம் சாப்பிட வந்தால், இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒயர்கள் ஏறிப்போகும் டக்டின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருவன் ஏணியில் நின்று, ஒயர்களைச் சுற்றியிருந்த ஓட்டைகளில் செங்கல் நிறத்தில் எதையோ திணித்துப் பூசிக்கொண்டிருந்தான்.

"என்னலே செய்யுதே?"

"மாமி அடைக்கச் சொன்னாக அண்ணாச்சி. உங்க பக்கம், அவுக பக்கம் ரெண்டுலயும் ஒரு இடுக்கு இருக்கக்கூடாதாம்."

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "பாத்தியா ஜமீலா? நம்ம வீட்டு வாசத்துக்குச் சுவர் வைக்காக!"

அன்றே தரகருக்குப் போன் போட்டு வேறு வீடு பார்க்கச் சொல்லிவிட்டார். வீட்டில் தினமும் பருப்பும் ரசமும்தான். ஷம்ஸியா பாதியில் எழுந்து கை கழுவினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவரை மாமி வாசலிலேயே மறித்தாள்.

"என்ன பாய், இத்தனை நாளா மீனே பொரிக்கலையா?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது.

"அதான் ஆள் வச்சு அடைச்சாச்சே! இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

மாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"ஐயோ, நீங்க அப்படியா நெனச்சேள்?"

சத்தம் கேட்டு ஜமீலாவும் வெளியே வந்துவிட்டாள்.

"மதுரையில என் தம்பி இருந்த ஃபிளாட்ல, இதே மாதிரி டக்ட்ல ஒயர் தீப்பிடிச்சுது. சுவர் தீயைத் தாங்கற சுவர்தான். அவன் ரூமுக்குத் தீ வரவேயில்லை. ஒயருக்குப் போட்ட ஓட்டை வழியாப் புகை வந்துடுத்து. தூங்கினவன் எழுந்திருக்கல."

தாஜ் முகம்மது டக்டின் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப எங்காத்துக்கு ஏசி போட்டப்போ, ஒயர் இழுத்தவன் சுவரைக் குடைஞ்சு அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான். உங்க பக்கமும் ஓட்டை இருக்குன்னு மீன் வாசனை வந்தப்புறம்தான் எனக்கு உறைச்சுது. எங்க ஒயர் எரிஞ்சா புகை உங்காத்துக்கும்தானே போகும்? டக்டை ஒட்டின ரூம்லதான் ஷம்ஸியா படுத்துக்கறா. அதான், தீயில வேகாத பூச்சாப் பாத்து வாங்கி அடைக்கச் சொன்னேன்."

மாமி ஜமீலாவின் பக்கம் திரும்பினாள். சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள்:

"சரியா அடைச்சிருக்கானான்னு தெரியணும். நான் என் ரூம்ல நின்னு மோந்து பாக்கறேன். இன்னைக்குக் கொஞ்சம் சாளை பொரிக்கறயாம்மா?"