திரான்சிக் கிணற்றுக்கு ஒரு மோட்டர்

"மேலை வைக்கிற மோட்டர் ஏழு மீற்றருக்குக் கீழை இழுக்காது. உமக்கு விளங்கேல்லையே?"

"நான் மோட்டரே வேண்டாம் எண்டுறன். கிணத்தை மூடுங்கோ!"

லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில், மரக்கறிக் கடை வாசலில், ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையும் மனைவி மேரிறோஸ் அக்காவும் இப்படிக் கத்தினால் நான் காதைப் பொத்திக்கொண்டா நிற்பேன்? எண்பத்தேழில் நகரத்துக்கு வெளியே திரான்சியில் தோட்டமும் பழைய கிணறுமாக வீடு வாங்கியவர்கள். புல் பச்சையாக நின்றால்தான் வெள்ளைக்கார அயலவர் மதிப்பார்கள் என்பது அண்ணையின் கொள்கை.

தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதென்று பார்க்க, கல்லைக் கட்டிக் கயிற்றை இறக்கியிருக்கிறார். மேலே வந்த கயிற்றில், ஈரம் தொடங்கும் இடத்தில், ஒரு முடிச்சு இருந்தது. அவர் போட்டதல்ல. அவிழ்த்துவிட்டு மறுபடி இறக்கினார். அதே இடத்தில் அதே முடிச்சு. அதைக் கண்டபிறகுதான் அக்கா கிணற்றை மூடச் சொன்னார்.

"ஒன்பது மீற்றர். அளவு சரி," என்றார் அண்ணை. தண்ணீருக்குள் இறக்கும் மோட்டரையே வாங்கினார்.

சனிக்கிழமை அதைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது பாதியில் பாரம் குறைந்ததாம். யாரோ கை கொடுத்ததுபோல.

ஆகஸ்ட் வெயிலிலும் புல் பச்சையாகவே நின்றது. மேரிறோஸ் அக்கா பக்கத்து ஊரான ஸ்தேனில் ஐந்தாம் மாடிக்குக் குடிபோனார். மாரிக்கு முன் அண்ணையும் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போனார்.

"அவ்வளவு நல்ல மோட்டரை ஏன் அண்ணை விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"மேலை கட்டினதை நான் அவிட்டிட்டன் பிள்ளை. கீழை கட்டியிருக்கிறதை ஆர் அவிழ்க்கிறது?"